கோபம் வந்த வரிசையில்: ஆன்லைனில் வாங்கிய லேப்டாப், டிஸ்க், ஆடியோ பெட்டி

அப்பா மைக் செட் வைத்திருந்தார். கடலூர் திருப்பாப்புலியூர்ப் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கடை நினைவிருக்கலாம். குழாய் ஸ்பீக்கர் எட்டு, ஆம்ப் நான்கு, சீரியல் செட் கணக்கில்லாமல். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கூத்து என்று எதற்குப் போனாலும் ஆம்புக்குப் பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு போட்டுவிடுவார். "இதையெல்லாம் யார் கேக்கப் போறாங்க?" என்று அம்மா திட்டுவாள். கேசட் விலை அப்போது அவளுக்கு ஒரு நாள் காய்கறிச் செலவு.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கூரை ஷீட்டைப் பிய்த்துக்கொண்டு போனபோது பரணிலிருந்த பாதி கேசட் நனைந்து வீணானது. மிஞ்சியது 212. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து, அடுத்த இரண்டு நாளில் பெண்ணையாறும் பொங்கியபோது, அட்டைப்பெட்டிகளை ராத்திரியில் மேசைமேல் ஏற்றிக்கொண்டே நினைத்தேன்: இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால்தான் இனி மழைக்காலத்தில் தூக்கம்.

அதற்காக 2025 ஜனவரியிலிருந்து ஆன்லைனில் வாங்கியவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். வாங்கிய வரிசையில் சொல்லவில்லை, கோபம் வந்த வரிசையில் சொல்கிறேன். ஏமாற்றிய தளம், விற்றவர் பெயர் எதையும் போடவில்லை. சண்டை முடிந்துவிட்டது, பெரிய பணம் திரும்பி வந்துவிட்டது, எனக்கும் திருப்பாப்புலியூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வேலை இருக்கிறது.

கடைக்குப் போய் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். அப்பா காலத்தில் எதுவானாலும் சென்னை ரிச்சி தெருதான். விடியற்காலை பஸ்ஸில் ஏறி, மவுண்ட் ரோட்டில் போய் இறங்கி, வாங்கிக்கொண்டு திரும்ப நடு ராத்திரி ஆகிவிடும். ஒரு நாள் கடை அடைப்பு, பஸ், சாப்பாடு என்று கணக்குப் போட்டால் பொருளில் பிடித்த மிச்சம் வழியிலேயே கரைந்துவிடும். பாண்டி பக்கத்தில்தான், இருபத்தைந்து கிலோமீட்டருக்குள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்னால் அங்கே வரி குறைவு என்று டி.வி., மிக்ஸி வாங்கக் கடலூரிலிருந்து ஆட்கள் போவார்கள். இப்போது எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வரி. இருந்தாலும் நேரு வீதியில் இரண்டு கடை ஏறி ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது கேசட்டின் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்புகிற பெட்டி, இருக்கிறதா என்று கேட்டேன். ஒருவர் புளூடூத் ஸ்பீக்கரை எடுத்துக் காட்டினார். இன்னொருவர் "ஆர்டர் போட்டுத் தரேன் சார், நாலு நாள் ஆகும்" என்றார். அவர் எங்கே ஆர்டர் போடுவார் என்று எனக்குத் தெரியாதா?

சரி, முதல் கோபம் லேப்டாப். அச்சகத்துக் கம்ப்யூட்டரில் இந்த வேலை ஆகாது. ஒரு கேசட் ஓடி முடிகிற ஒன்றரை மணி நேரமும் அது சும்மா கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குள் நாலு பேர் புரூஃப் பார்க்க வந்து நிற்பார்கள். புதிது வாங்கக் கையில் காசு இல்லை. ரீஃபர்பிஷ்ட் என்று விற்கிறார்களே, பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகத் தள்ளுவதைத் துடைத்து, எஸ்.எஸ்.டி. என்கிற சேமிப்பு டிஸ்க்கை மாற்றித் தருவது, அதில் ஒன்றைப் பார்த்தேன். ஐ5 பிராசசர், எட்டாம் தலைமுறை, 16 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., "புதிது போலவே" என்று எழுதியிருந்தது. 21,990 ரூபாய். எட்டாம் தலைமுறை என்பதை மட்டும் இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். இன்டெலில் அதற்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிகிறது என்று மைக்ரோசாஃப்ட் முன்பே சொல்லியிருந்தது.

திருநாவுக்கரசரைக் கல்லில் கட்டிக் கடலில் தள்ளியபோது அவர் மிதந்து வந்து கரையேறியது எங்கள் ஊரில் என்பார்கள். கரையேறவிட்ட குப்பம் என்று இடமே இருக்கிறது. என் பார்சல் ஐந்து நாளாக விழுப்புரத்திலிருந்து கரையேறவில்லை. ஆறாம் நாள் வந்தது.

கொண்டுவந்த தம்பி வண்டியை நிறுத்தாமலே, "அண்ணா, ஓ.டி.பி. சொல்லுங்க" என்றார்.

"பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன் தம்பி."

"இது ஓப்பன் பாக்ஸ் இல்லண்ணா. இன்னும் நாப்பது டெலிவரி கெடக்குது."

அவர் சொன்னது சரிதான். வாசலிலேயே பிரித்துப் பார்க்கும் வசதி எல்லாப் பொருளுக்கும் கிடையாது, வாங்கும் பக்கத்தில் அப்படிப் போட்டிருந்தால்தான் உண்டு. நான் அதைப் பார்க்கவில்லை. எண்ணைச் சொல்லிவிட்டேன். பெட்டியைப் பிளேடால் கிழிக்கப் போனபோது என் மகள் கையைப் பிடித்தாள். "அப்பா, இருங்க. வீடியோ எடுக்கறேன். ஆறு பக்கமும் காட்டுங்க, லேபிள் தெரியணும், அப்புறம் பிளேடு போடுங்க." பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நடந்து காட்டுவதுபோல் பெட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது. பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்த நாலு நிமிட வீடியோதான்.

மேல்பார்வைக்குப் பளபளவென்றுதான் இருந்தது. ஆன் செய்து செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் ஐ5-6300யூ. கோட்டுக்கு அப்புறம் வருகிற எண்ணின் முதல் இலக்கம்தான் தலைமுறை. 8250 என்றால் எட்டு, 6300 என்றால் ஆறு. பத்தாம் தலைமுறையிலிருந்து முதல் இரண்டு இலக்கத்தைப் பார்க்க வேண்டும். இது தெரியாதவர் மாதக்கணக்கில் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருந்திருப்பார். மகள் ஒரு கட்டளையைத் தட்டி பேட்டரி ரிப்போர்ட் எடுத்தாள். புதிதில் இருந்த கொள்ளளவில் பாதிகூட மிச்சமில்லை.

திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால் அந்தப் பொத்தானே இல்லை. "7 நாளுக்குள் மாற்றித் தரப்படும்" என்று மட்டும் இருந்தது. மாற்ற வேண்டுமென்றால் டெக்னீஷியன் வீட்டுக்கு வந்து பார்த்துச் சொல்ல வேண்டுமாம். டெக்னீஷியனைக் கூப்பிட்டால், "உங்கள் பின்கோடில் இந்தச் சேவை இல்லை" என்று வந்தது. பொருளை விற்க 607001 இருக்கிறது, பழுது பார்க்க வர மட்டும் அந்த ஊர் வரைபடத்தில் இல்லை.

சாட்டில் முதலில் இயந்திரம் பேசியது, பிறகு மனிதர்கள். ஒவ்வொருவரும் என் சிரமத்துக்கு வருந்தினார்கள். நாலாவது ஆள் எப்படியோ மனமிரங்கி, நேராகப் பார்சலை எடுத்துக்கொள்ள ஆள் அனுப்புவதாகச் சொன்னார். மூன்று நாள் கடைக்குப் போகாமல் புரூஃப் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று நாளும் சாயங்காலம் ஆறு மணிக்குச் செய்தி வரும்: "எடுக்க வந்தோம், வாடிக்கையாளர் வீட்டில் இல்லை." என் மனைவி அதைப் படித்துவிட்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "என்னங்க, நீங்க இருக்கீங்களா இல்லையா?"

அப்புறம்தான் சட்டத்தைப் படித்தேன். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் போட்டிருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் அந்தப் பெயர் இருந்தது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், செட்டிங்ஸ் பக்கத்தின் படம், வீடியோ, மூன்று "வீட்டில் இல்லை" செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து மெயில் போட்டேன். விளம்பரத்தை வாங்கும்போதே படம் பிடித்து வைத்ததும் மகள்தான். அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் நான் புகார் கொடுத்த மறுநாள் அந்தப் பக்கத்தில் "எட்டாம் தலைமுறை" என்ற சொல்லையே காணோம்.

மெயிலுக்கு இயந்திரம் அனுப்பிய பதில் மட்டும் வந்தது. 1915-க்குப் போன் போட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். பதற்றப்படாமல் கேட்டு, ஒரு புகார் எண் கொடுத்தார்கள். அந்த எண்ணைப் போட்டு இரண்டாவது மெயில் அனுப்பினேன். அதில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: 2019 நுகர்வோர் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, கடலூர் நுகர்வோர் ஆணையம் எனக்கு சைக்கிள் தூரம். ஒன்பதாம் நாள் உண்மையான மனிதர் ஒருவர் போன் செய்தார். அடுத்த நாள் காலை பத்து மணிக்குப் பார்சல் எடுக்க ஆள் வந்தார். அன்றைக்கு நான் வீட்டில் இருந்தேனாம். பணம் முழுதாக வந்தது.

லேப்டாப்பைக் கடைசியில் ஆன்லைனில் வாங்கவில்லை. மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் அதே வகை, நிஜமாகவே எட்டாம் தலைமுறை, 24,000 ரூபாய்க்கு எடுத்தேன். காசு கொடுப்பதற்கு முன்னால் செட்டிங்ஸ் பார்த்தேன், பேட்டரி ரிப்போர்ட் பார்த்தேன், அவர் சிரித்துக்கொண்டே காட்டினார். இரண்டாயிரம் ரூபாய் கூடுதல்தான். ஆனால் அவர் கடையில் ஒரு ஸ்டூல் இருக்கிறது. பிரச்சினை என்றால் போய் உட்காரலாம்.

இரண்டாவது கோபம் டிஸ்க். இதில் என் மேல்தான் எனக்குக் கோபம். 2 டி.பி. போர்ட்டபிள் எஸ்.எஸ்.டி., 1,499 ரூபாய். பெயர் கேள்விப்படாத கம்பெனி, உள்ளங்கையில் அடங்குகிற கறுப்பு உலோகப் பெட்டி, 4.1 ஸ்டார். பெயருள்ள கம்பெனிகளின் 1 டி.பி.யே அதைப்போலப் பல மடங்கு விலை. நூறு பத்திரிகை அம்பது ரூபாய்க்கு அடித்துத் தருகிறேன் என்று எவனாவது என்னிடம் சொன்னால் தாளே அதற்கு மேல் ஆகுமே என்று துரத்தியிருப்பேன். என் தொழில் இல்லை என்றதும் புத்தி வேலை செய்யவில்லை.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஸ்டீரியோவாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜி.பி. ஆகிறது, தொண்ணூறு நிமிட கேசட்டுக்கு ஒன்றரை. 34 கேசட் அந்த டிஸ்க்கில் ஏற்றினேன். பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன, அளவுகளும் சரியாகத் தெரிந்தன. ஒரு நாள் அக்காவுக்குப் போட்டுக் காட்டலாம் என்று இருபத்தெட்டாவதைத் திறந்தால் திறக்கவில்லை. இருபத்தேழும் இல்லை. இருபதாவதுக்கு மேல் எல்லாம் வெறும் உறைகள், உள்ளே கடிதம் இல்லை.

இப்படிப்பட்ட டிஸ்க்குகளைச் சோதிக்க ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க் முழுக்க எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும். நாள் கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தால் உண்மையான இடம் 30 ஜி.பி. சொச்சம். கம்ப்யூட்டரிடம் "நான் 2 டி.பி." என்று பொய் சொல்லும்படி உள்ளே எழுதிவைத்திருக்கிறார்கள். இடம் தீர்ந்த பிறகும் வாங்கிக்கொள்வதுபோல் தலையாட்டும். ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திறந்தேன். ஒரு சின்ன போர்டு, அதில் போனில் போடுகிற மெமரி கார்டு ஒன்று, கனம் தெரிவதற்காகப் பசை வைத்து ஒட்டிய இரும்புத் தகடு.

4.1 ஸ்டார் எப்படி வந்தது என்று திரும்பப் போய் விமர்சனங்களைப் படித்தேன். "சீக்கிரம் வந்தது", "பார்க்க அழகாக இருக்கிறது", "என் தம்பிக்குப் பரிசாகக் கொடுத்தேன்". எல்லாம் பொருள் வந்த அன்றைக்கே எழுதியவை. இரண்டு பேர் செல்போன் உறையைப் பற்றி எழுதியிருந்தார்கள், வேறு ஏதோ பொருளின் பக்கத்தை இதற்கு மாற்றியிருக்க வேண்டும். ஒரே ஒருவர், மூன்று மாதம் கழித்து, கல்யாண போட்டோ எல்லாம் போச்சு என்று ஒரு ஸ்டார் போட்டிருந்தார். இப்போதெல்லாம் எதை வாங்கினாலும் ஒரு ஸ்டார்களை மட்டும்தான் முதலில் படிக்கிறேன், அதிலும் தாமதமாக எழுதியவற்றை.

திருப்பி அனுப்பும் நாள் தாண்டிவிட்டது. 1,499 போகட்டும். வீணான பதினாலு கேசட்டையும் மறுபடி ஓட்ட இருபத்தோரு மணி நேரம் ஆனது, ஓட்டும்போது ஒன்றில் நாடா அறுந்தது. ஒட்டிவிட்டேன், அந்த இடத்தில் ஒரு சொல் மட்டும் போய்விட்டது.

அதற்கப்புறம் பெயருள்ள கம்பெனியின் 1 டி.பி. இரண்டு, அந்தக் கம்பெனியே நேரடியாக விற்கிற பக்கத்தில் வாங்கினேன். வந்ததும் இரண்டையும் சோதித்தேன். ஒன்று என்னிடம், இன்னொன்று பண்ருட்டியில் அக்கா வீட்டில். அங்கே உப்புக்காற்று இல்லை.

சின்னச் சாமான்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கேசட் டெக்கில் பெல்ட் தார் மாதிரி உருகிக் கிடந்தது. முப்பது பெல்ட் அடங்கிய பாக்கெட் 249 ரூபாய். அதில் ஒன்று பொருந்தியது, அந்த ஒன்று போதும். மிச்சம் இருபத்தொன்பதை மனைவி முருங்கைக்கீரை கட்ட வைத்திருக்கிறாள். கால் அங்குல ஜாக்குக்கு எங்கள் தொழிலில் பி-38 பின் என்று பெயர். அதையே தேடலில் தட்டினேன், இரண்டாம் உலகப் போர் விமானம் ஒன்றின் பொம்மை வந்தது. தள்ளிப் போனால் நாலாவது வரியில் நம் பின்னும் இருந்தது. ஒரு பக்கம் டெக்கில் செருகுகிற ஆர்.சி.ஏ. பின், மறு பக்கம் பி-38 உள்ள கேபிள் இரண்டு மீட்டர், 380 ரூபாய், நல்ல கேபிள். ஹெட்போன் ஆடியோ டெக்னிக்கா எம்20எக்ஸ். ஒயரைக் கழற்ற முடியாது, மூன்று மீட்டர் நீளம். கழற்ற முடியாததைக் குறையாகச் சொல்கிறார்கள். மைக் செட்டில் வளர்ந்தவனுக்குக் கழற்ற முடிகிற இடமெல்லாம் கரகரப்பு வருகிற இடம், அதனால் எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. காதை நன்றாக மூடுகிறது. மே மாதத்தில் அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துத் துடைக்க வேண்டும், அதற்கு அது என்ன செய்யும்?

கடைசிக் கோபம் ஆடியோ இன்டர்ஃபேஸ். வரிசைப்படி டிஸ்க்குக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியது. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், இவ்வளவு நேரம் சுற்றி வந்தது இதைத் தள்ளிப்போடத்தான் என்றும் தோன்றுகிறது.

இதை வாங்கியது பெரிய தளத்தில் இல்லை. சென்னையில் இசைக்கருவிகள் விற்கிற சின்னக் கடை ஒன்றின் இணையதளம். பக்கத்தில் போன் நம்பர் போட்டிருந்தது, அதுவே எனக்கு அதிசயம். அடித்தேன், எடுத்தார்கள், அது இன்னும் அதிசயம்.

"எதுக்கு சார் வாங்கறீங்க? பாடவா, கீபோர்டா?"

"பழைய கேசட்டை ஏத்தணும்."

"டெக்கா? அப்ப நீங்க பாக்கற மாடல் வேணாம் சார். அதுல ஒண்ணு மைக்குக்கு, இன்னொண்ணு கிட்டாருக்கு. உங்களுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி லைன் இன்புட் வேணும். லெஃப்ட், ரைட் ரெண்டும் ஒண்ணா வரணும்ல?"

நான் பார்த்துவைத்திருந்ததைவிட விலை அதிகமான வேறொன்றைத் தலையில் கட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சொன்னது பெஹ்ரிங்கர் யூ.எம்.சி. 202 ஹெச்.டி., விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, ஒன்பதாயிரத்துச் சொச்சம். மூன்றாம் நாள் வந்தது. தெர்மாக்கோல், குமிழ் உறை, மறுபடி ஒரு அட்டைப்பெட்டி, உள்ளே சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. தனித்தனியாகப் போட்ட பில். பெரிய தளத்தார் லேப்டாப்பையே ஒரு சாக்குப்பையில் போட்டு அனுப்பியதைப் பார்த்த கண்ணுக்கு இது கல்யாணச் சீர் மாதிரி இருந்தது.

டெக்கைச் சேர்த்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்து, ஹெட்போனை மாட்டினேன். "ம்ம்ம்ம்" என்று அடியில் ஒரு இரைச்சல். அதற்கு மேல் தகர டப்பாவில் வண்டு சிக்கியதுபோல் இன்னொரு இரைச்சல். கேபிளை மாற்றினேன், யூ.எஸ்.பி. துளையை மாற்றினேன், டெக்கையே பிடுங்கி மறுபடி மாட்டினேன். போகவில்லை. லேப்டாப் சண்டை முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, எனக்குள் அந்தச் சூடு இன்னும் இருந்தது. போன் செய்யலாம் என்றுகூடத் தோன்றவில்லை. நேராகப் போய் ஒரு ஸ்டார் போட்டேன். "பழுதான பொருளை நல்ல பொருள்போல் பொதிந்து அனுப்பியிருக்கிறார்கள்" என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை எழுதி முடித்ததும் ஒரு திருப்தி வந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் கடைக்காரரே போன் செய்தார். விமர்சனத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"சார், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிட்டுக் கேளுங்க."

பிடுங்கினேன். அமைதி. டெக்கின் மெல்லிய "ஸ்ஸ்" மட்டும்.

"மாட்டுங்க."

வண்டு திரும்ப வந்தது.

"உங்க வீட்டு எர்த் சார்."

"எர்த் இருக்கு. மூணு பின் பிளக்தான் போட்டிருக்கேன்."

"பின் மூணு இருக்கும் சார். பின்னாடி ஒயர் மூணு இருக்கா?"

ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் வந்து ஸ்விட்ச் போர்டைக் கழற்றினார். பச்சை ஒயர் எதிலும் மாட்டாமல், நுனியில் டேப் சுற்றி, பெட்டிக்குப் பின்னால் மடித்துச் செருகியிருந்தது. பதினெட்டு வருடமாக அப்படியே இருந்திருக்கிறது. வெளியே எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தால் மண் காய்ந்து பாளமாக இருந்தது, குழாயில் ஒயரைப் பிடித்திருந்த கிளாம்பு துருவில் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. தேவனாம்பட்டினத்துக் கடல் காற்று வீசுகிற ஊரில் இரும்புக்கு அதுதான் ஆயுள்.

எலக்ட்ரீஷியன் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இப்படிப்பட்ட சார்ஜர்களுக்குள் குறுக்கீட்டை வடிகட்ட வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் வழியாக ஒரு துளி மின்சாரம் எர்த்துக்குப் போய்க்கொண்டே இருக்கும், அது வழக்கம்தான். எர்த் இல்லையென்றால் அது லேப்டாப்பின் உடம்பில் நிற்கும், வேறு வழி தேடும், ஆடியோ ஒயர் கிடைத்தால் அதில் இறங்கும். லேப்டாப்பின் உலோக ஓரத்தில் விரலை வைத்தால் விறுவிறுவென்று இருக்குமே, அதுவும் இதனால்தான். அது பழைய லேப்டாப்பின் குணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மஞ்சக்குப்பத்துக்காரரிடம் போய் ஸ்டூலில் உட்கார்ந்து சண்டை போடக்கூட ஒரு நாள் கிளம்பினேன், மழை வந்ததால் போகவில்லை.

ஒயரை மாட்டி, கரியும் உப்பும் போட்டுக் குழியை நிரப்பி, புது கிளாம்பு போட்டு, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். கூலியோடு 1,850 ரூபாய். இரைச்சல் போயிற்று.

கூட்டத்தில் ஹம் வந்தால் அப்பா ஆம்பைத் தொடவே மாட்டார். ஒரு கம்பியைத் தரையில் அடித்து, அதில் ஒயரைச் சுற்றி, யாரிடமாவது சொம்புத் தண்ணீர் கேட்பார். அதைச் சின்ன வயதில் நூறு தடவை பார்த்தவன் நான்.

விமர்சனத்தைத் திருத்தினேன். ஐந்து ஸ்டார் போட்டு, என்ன நடந்தது, யார் மேல் தப்பு என்று முழுதாக எழுதினேன். கடைக்காரருக்குத் தனியாகவும் மன்னிப்புக் கேட்டுச் செய்தி போட்டேன். "பரவால்ல சார், வெயில் காலத்துல குழியில தண்ணி ஊத்த மறந்துடாதீங்க" என்று பதில் வந்தது. மனைவி குழியை ஒட்டி ஒரு செம்பருத்தியை நட்டுவிட்டாள். செடிக்கு ஊற்றுகிற சாக்கில் தினமும் தண்ணீர் போய்விடுகிறது. அந்தக் கடையில் அதற்கப்புறம் ஒரு மைக்கும் ஸ்டாண்டும் வாங்கியிருக்கிறேன், விலை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

இதுவரை 131 கேசட் ஏறியிருக்கிறது. அதில் ஒன்று நெல்லிக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊரில் நடந்த கூத்து. மேலே ஊர்ப் பெயர் எழுதியிருந்த தாள் கரையான் அரித்துவிட்டது. முகவீணை தொடங்குவதற்கு முன்னால் பத்துப் பதினைந்து விநாடிக்கு அதே "ம்ம்ம்ம்". என் வீட்டில் மறுபடி எர்த் போய்விட்டதோ என்று சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. கேசட்டுக்குள்ளேயே இருக்கிற சத்தம். பின்னோக்கி ஓட்டி, ஒலியைக் கூட்டி மறுபடி கேட்டேன். மைக்கிலிருந்து தூரத்தில், கூட்டத்து இரைச்சலுக்கு நடுவில், அப்பா யாரையோ திட்டுகிறார்: "டேய், எர்த்துல தண்ணி ஊத்துடா, எத்தன வாட்டி சொல்றது." யாரோ ஓடுகிற காலடிச் சத்தம். ஹம் குறைகிறது, முழுதாகப் போகவில்லை. அதற்குள் கட்டியக்காரன் வந்துவிடுகிறான்.